முகம் இரவல் தந்தவர்

1

அறுபது வயது முடிந்ததற்கு மகள் தந்த பரிசு துபாய்ப் பயணம். விழாவுக்கு ஹோல் எடுத்து, கேக் வெட்டி, வந்தவர்களை மேசை மேசையாகப் போய்ச் சிரித்து வரவேற்பதைவிட இது மேல் என்று நானும் சம்மதித்தேன். நவம்பர் மாதம் நானும் மகளும் ஆறு நாள் போய்வந்தோம். அதைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பழைய சந்தை எப்படி, உயரக் கோபுரம் எப்படி, தங்கம் மலிவா என்று கேள்விகள் வேறு. தங்கம் மலிவில்லை. மற்ற இரண்டையும் ஆற அமர எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் திரும்பி வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. அதற்குப் பிறகு சந்தையையும் கோபுரத்தையும் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ரூஜ் பக்கம். மகள் பிரவீணா நகர மத்தியில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் தனியே இருக்கிறாள். ஞாயிறு மத்தியானம் மட்டும் தாயின் கணவாய்க் கறிக்காக வருவாள். சாப்பிடும்போது போன் பார்க்கக்கூடாது என்று சின்ன வயதில் நான் போட்ட சட்டம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அன்றும் ஒரு கையால் பிசைந்துகொண்டு மறு கையால் பயணப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் முகங்களைத் தானாகவே பிரித்து அடுக்குமாம். அம்மாவுக்கு ஒரு பெட்டி, அப்பாவுக்கு ஒரு பெட்டி, அவளுடைய சிநேகிதிகளுக்கு ஆளுக்கொரு பெட்டி.

"அப்பா, இஞ்சை பாருங்கோ, ஃபன்னி," என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

பழைய சந்தையில் எடுத்த படம். ஏலக்காய்ச் சாக்குகளுக்கு முன்னால் நான் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால், இரண்டு சாக்குகளுக்கு இடையில், நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர். போன் எங்கள் இருவருடைய முகத்தையும் சுற்றி வட்டம் போட்டிருந்தது. இரண்டு வட்டத்தின் கீழும் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

"உது ஆர், உங்கடை ட்வின்னோ?"

மனைவி அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "சாயல் இருக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மகள் அடுத்த படத்தைத் தள்ளினாள். படகில் எடுத்தது. அதே நீலச் சட்டை, எங்களுக்கு மூன்று ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்தது, பழைய நகரத்துக்கும் புதிய நகரத்துக்கும் இடையில் படச்சட்டம் போல எழும்பி நிற்கும் அந்தத் தங்கநிறக் கட்டடத்துக்கு முன்னால் எடுத்தது. அதிலும் அவர், தூரத்தில் புல்தரை ஓரமாக நின்றார். மூன்று படத்திலும் அவர் கமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓகே, இது கொஞ்சம் க்ரீப்பி," என்றாள் மகள். சிரிப்பு நின்றுவிட்டது.

"சந்தைக்கு ஆயிரம் பேர் வருவினம். ஆரோ ஒரு ஆள்," என்றேன்.

பச்சைப் பொய். அந்த முகத்தை எனக்குத் தெரியும். இவள் பிறப்பதற்கு முன்பே தெரியும். கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

2

கனடாவுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் எங்கள் வயது ஆட்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம்: "ஏஜென்சியாலை." போர்க்காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. நான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. துபாயில், பழைய சந்தையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடி அறையில் எங்களை வைத்திருந்தார்கள். ஏழு பேர். ஜன்னலுக்கு மண்ணிறத்தாள் ஒட்டியிருந்தது. கீழே கடைகளில் ஆட்கள் விலை பேசுவது கேட்கும், ஏலக்காயும் பெருங்காயமும் மணக்கும், ஆனால் சந்தையை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அந்தக் காலத்தில் ஆளை அனுப்ப ஏஜென்சிக்காரரிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று 'தலை மாத்துறது', அதாவது வேறொருவருடைய பாஸ்போட்டில் படத்தை உரித்து எங்கள் படத்தை ஒட்டுவது. அது பிடிபடும். மற்றது முகத்துக்கு முகம் பொருத்துவது. யாரோ ஒருவருடைய பாஸ்போட், யாருடைய முகத்துக்குக் கிட்ட வருகிறதோ அவனுக்கு.

எங்களுடைய ஏஜென்சிக்காரர் பாஸ்போட்டுகளைப் பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் கன்னத்தோடு வைத்துப் பார்ப்பார். என் கன்னத்தில் ஒன்றை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அச்சொட்டு," என்றார் அந்த ஆள். "இவனுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை."

நான் வாங்கிப் பார்த்தேன். நான்தான். நான் ஒருநாளும் போடாத சட்டையோடு, நான் ஒருநாளும் போகாத ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். இடது புருவம் என்னுடையதுபோலவே கொஞ்சம் ஏறியிருந்தது. பெயர் மட்டும் இராசையா குலசேகரம். பிறந்த இடம் நெல்லியடி. நான் கொக்குவில், எங்களுக்குள் சொந்தபந்தம் எதுவும் இல்லை. மற்ற ஆறு பேரும் என்னை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். நான் பாஸ்போட்டை மூடிப் பாயில் கவிழ்த்து வைத்தேன்.

இருபத்திரண்டு நாள் அந்த மனிதராக இருக்கப் பழகினேன். தகப்பன் பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் மனப்பாடம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏஜென்சிக்காரர் திடீரென்று "குலசேகரம்!" என்பார். உடனே திரும்ப வேண்டும். சிலவேளை "தேவன்!" என்று என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். திரும்பக்கூடாது. திரும்பினால் பிடரியில் ஒரு அடி விழும். இரண்டு கிழமைக்குப் பிறகு நான் அடியே வாங்கவில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்தவன், "உன்னை மூண்டு தரம் கூப்பிட்டவர், ஆடாமல் அசையாமல் இருந்தாய், கெட்டிக்காரன்," என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கூப்பிட்டதே என் காதில் விழவில்லை.

பாஸ்போட்டின் சொந்தக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். கதவடியில் நின்றார். அறையில் இருந்தவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கிட்ட வந்து என்னைக் கன நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, என் தலைமயிரை வலப்பக்கம் வகிடெடுத்து இழுத்துவிட்டார். அவருக்கு வகிடு அந்தப் பக்கம்.

"தம்பி, இது திரும்பி வரோணும்," என்றார். "தை மாசம் தங்கச்சிக்குக் கலியாணம். எங்களுக்குத் தாய் தேப்பன் இல்லை, நான்தான் நிண்டு செய்து வைக்கோணும். ஊருக்குப் போறனெண்டு முதலாளியிட்டைச் சொல்லி வாங்கின பாஸ்போட். இறங்கினவுடனை கூட வாற ஏஜென்சி ஆளிட்டைக் குடுத்துவிடும்."

அவருடைய முதலாளி குடும்பம் ஒருமுறை கோடைக்குக் கனடா போவதாக இருந்து, சாரதியான அவருக்கும் விசா எடுத்திருந்தார்களாம். போகவில்லை, விசா மட்டும் மிஞ்சிவிட்டது. தங்கைக்குத் தாலிக்கொடி வாங்கும் காசுக்காக அதை இரவல் கொடுக்கிறார். குடுத்துவிடுவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நடந்தது இதுதான். வழியில் விமானம் மாறும் இடத்தில், கூட வந்த ஏஜென்சி ஆளை இரண்டு அதிகாரிகள் தனியே கூட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். நான் தனியாக அடுத்த விமானத்தில் ஏறினேன். கள்ளப் பாஸ்போட்டோடு இறங்கினால் அதே விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்றுதான் எங்களுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ரொறன்ரோவுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் கழிப்பறைக்குள் போய், அந்தக் காலத்தில் எங்களில் பலபேர் செய்ததைச் செய்தேன். ஒவ்வொரு தாளாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். படம் இருந்த பக்கம் கிழிபடவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். தலையை நிமிர்த்தினால் கண்ணாடியில் அவர் நின்றார், வலப்பக்கம் வகிடெடுத்து. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மிச்சத்தையும் தண்ணீரில் விட்டேன்.

பிறகு அவரைத் தேடி ஒரு கடிதம்கூட எழுதவில்லை. விலாசம் இல்லை, ஏஜென்சிக்காரர் பிடிபட்டுவிட்டார் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் நான் தேடவில்லை. தேடினால் அகப்பட்டுவிடுவாரோ என்ற பயம்.

3

இப்போது துபாய். முதல் நாளே ஹோட்டல் வரவேற்பில் அந்தப் பெண் என் பிறந்த திகதியைக் கேட்டாள். சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுப் பாஸ்போட்டைப் பார்த்தாள்.

"அப்பா, உது உங்கடை டேட் இல்லை," என்று மகள் தோளில் தட்டினாள். "மாதமும் பிழை, வருசமும் பிழை. பயணக் களைப்பு."

நான் சொன்னது குலசேகரத்தின் திகதி. முப்பத்தாறு வருடமாக என் வாயால் வராத திகதி. அந்த ஊர்க் காற்று பட்டதும் தானாக வந்துவிட்டது.

உயரக் கோபுரத்துக்குப் போனோம். லிப்ற் ஏறும்போது காது அடைத்தது. மேலே போனால் கீழே ஊர் இல்லை, ஒரே பனிப்புகார்; அதற்குள்ளிருந்து வேறு கட்டடங்களின் தலைகள் மட்டும் வெளியே நின்றன. மகள் விதவிதமாகப் படம் எடுத்தாள். கடைத்தொகுதிக்குள் மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் சுறா, திருக்கை எல்லாம் நீந்துகின்றன. எங்கள் ஆட்கள் கண்டால் குழம்புக் கணக்குத்தான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்வையாளர்களின் நிழல்கள் விழுந்தன. என் நிழலைத் தேடினேன். அது என் நேரே இல்லாமல் கொஞ்சம் இடது பக்கமாகத் தெரிந்ததுபோல இருந்தது. கையை உயர்த்திப் பார்க்கத் துணிவு வரவில்லை.

நாலாம் நாள் நான்தான் பழைய சந்தைக்குப் போவோம் என்று கேட்டேன்.

"ஸ்காபரோத் தமிழ்க்கடையிலை இல்லாத ஏலக்காயோ அப்பா?" என்றாள். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

சந்தையை நன்றாகக் கழுவித் துடைத்துப் புதுப் பழசாக்கி வைத்திருந்தார்கள். மரக்கூரை, பித்தளை விளக்கு, மண்நிறச் சுவர். குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, சாம்பிராணி எல்லாம் குவியல் குவியலாக இருந்தன. "மாடம், மாடம்" என்று மகளின் பின்னால் கடைக்காரர்கள் வந்தார்கள். எனக்கு அந்தச் சந்தையின் ஒரு மூலைகூடத் தெரியாது. இருபத்திரண்டு நாள் அதற்கு மேலே இருந்தும் பார்த்ததில்லை. ஆனால் எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று காதுக்குத் தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் அந்த மாடிப்படிக்குப் போயிருப்பேன். போனேன். படி அப்படியே இருந்தது. மேலே ஜன்னலில் பூச்சட்டி.

படிக்குப் பக்கத்தில் மலையாளி ஒருவரின் சின்னத் தேநீர்க்கடை. நான் வாய் திறக்குமுன் அவர் நிமிர்ந்து பார்த்து, "இப்பதானே குடிச்சது சேட்டா? இனியும் ஒண்ணோ?" என்றார். பிறகு கேட்காமலே ஒரு கப் ஊற்றி நீட்டினார். சீனி இல்லை, இஞ்சி தூக்கல். நான் குடிப்பது அப்படித்தான், நீரிழிவு வருத்தம் வந்த நாளிலிருந்து.

"அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் மகள்.

"என்ரை வண்டி வயித்தைப் பாத்தால் சீனி வருத்தமெண்டு தெரியாதோ," என்று சமாளித்தேன். அவள் கடையையும் என்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள்.

துணிக்கடை வரிசையில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கடைக்குள்ளிருந்து வயதான குரல் ஒன்று கூப்பிட்டது. "குலம்! அரே, குலம்!"

நான் திரும்பினேன். யோசிக்கவில்லை, பயப்படவில்லை, கழுத்து தானே திரும்பியது. கடைக்கார முதியவர் ஒரு துணிக்கட்டைக் காட்டி ஏதோ ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவர், கிட்ட வந்ததும் நின்றார். என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. அப்படியே திரும்பிக் கடைக்குள் போய்விட்டார்.

"போவம் பிள்ளை," என்றேன். கடல் உள்ளே புகுந்து ஆறுபோல ஓடும் இடத்தில், பலகை போட்ட மரப்படகில் ஏறி மறுகரைக்கு வந்தோம். மகள் ரிக்கற் எடுத்து வைத்திருந்ததால் அங்கிருந்து மெற்றோ பிடித்து அந்தப் படச்சட்டக் கட்டடத்துக்குப் போனோம். அதன் உச்சியில் ஒரு பக்கம் பார்த்தால் பழைய நகரம், மறுபக்கம் பார்த்தால் புதிய நகரம். நான் புதிய பக்கத்தை மட்டும் பார்த்தேன். அடுத்த இரண்டு நாளும் வயிறு சரியில்லை என்று அறையிலேயே கிடந்தேன்.

4

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகளை இறக்கியபின், யாராவது நித்திரையாகக் கிடக்கிறார்களா என்று ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு பின்னால்வரை நடந்து போய் ஒரு பொத்தானை அமத்த வேண்டும். இல்லாவிட்டால் பஸ் கத்தத் தொடங்கும். படங்களைப் பார்த்த மறுநாள் காலை பின்னால் போய்ப் பொத்தானை அமத்திவிட்டுத் திரும்பினேன். முன்னால் சாரதிக்கு மேலே உள்ள நீளக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அந்தத் தூரத்தில் அது யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெறும் பஸ்ஸுக்குள் முன்னால் நடந்து வரவே தயக்கமாக இருந்தது. சவரம் செய்வதையும் நாலைந்து நாள் தள்ளிப்போட்டேன்.

மனைவி முதலில் கண்டுபிடித்தாள். "துபாயிலை இருந்து ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றாள் பகிடியாக. எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு மகள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே எழுதியதைவிட மோசமாக, முன்பின்னாகச் சொன்னேன். மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் முடித்தபிறகு மகள் கேட்டாள்.

"அவர் தங்கச்சியின்ரை வெடிங்குக்குப் போனவரோ?"

"தெரியாது."

"தேர்ட்டி சிக்ஸ் இயர்ஸ், அப்பா. நீங்கள் கேக்கவே இல்லையோ?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது என்று எத்தனை முறை கை நீட்டியிருக்கிறேன். இப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப் போனேன். பிறகு அவள் போனை எடுத்து, தேநீர்க்கடையில் எடுத்த படத்தை விரித்தாள். கடைப் பலகையின் கீழ்மூலையில் தொலைபேசி எண் இருந்தது. அதை ஒரு கடிதஉறையின் பின்னால் எழுதி என் முன்னால் வைத்தாள்.

"கோல் பண்ணுங்கோ. நான் பண்ணித் தரமாட்டன்."

ஐந்து நாள் அந்த உறை என் ஜக்கற்றுக்குள் கிடந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மகள் போன் எடுப்பாள். "கதைச்சாச்சோ?" இல்லை என்றால் வேறு கதை எதுவும் கிடையாது, வைத்துவிடுவாள்.

5

வெள்ளிக்கிழமை, காலை ஓட்டம் முடிந்து, மற்றச் சாரதிகள் கோப்பி குடிக்கப் போனபிறகு, பஸ் நிறுத்துமிடத்தில் வைத்து எடுத்தேன். எங்களுக்குப் பதினொரு மணி, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தேநீர்க்கடைக்காரர்தான் எடுத்தார். குலசேகரம் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"சேட்டா, இது என்ன தமாஷ்? இங்கே இருந்துகொண்டு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"ஹலோ."

என் குரல். தொலைபேசியில் நம்முடைய குரல் நமக்கே திரும்பிக் கேட்குமே, அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

"அண்ணை," என்றேன். "நான் தேவன். கனடாவிலை இருந்து."

கடையில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"போன மாசம் வந்தனீர்," என்றார். "மகளோடை. கண்டனான்."

"ஏன் கூப்பிடேல்லை, அண்ணை?"

"கூப்பிட்டால் என்ன கதைக்கிறது? பின்னாலை வந்தனான். என்ரை முகம் எங்கையெல்லாம் போகுது, என்னென்ன பாக்குது எண்டு பாக்க ஆசையாக் கிடந்தது. போட்டிலை வந்தன், மெற்றோவிலை வந்தன். அந்த பிறேம் மாதிரிக் கட்டடத்துக்கு நான் அண்டைக்குத்தான் முதல்முதல் வந்தது. மேலை போக ரிக்கற் வேணுமாம். கீழை நிண்டு பாத்தனான்."

போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன். தை மாதக் கலியாணத்துக்கு அவர் போகவில்லை. பாஸ்போட் தொலைந்துவிட்டது என்று சொன்னதை முதலாளி நம்பவில்லை. வேலை போய், வழக்காகி, புதுக் கடதாசி கைக்கு வர இரண்டு வருடம் ஆகியது. அதற்குள் போரில் ஊருக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். தங்கையைப் பெரியப்பாதான் தாரைவார்த்துக் கொடுத்தார். போர் முடிந்தபிறகு ஒருமுறை போய்த் தங்கையைப் பார்த்தாராம். அவர் கலியாணம் செய்யவில்லை. இப்போது ஒரு துணிக்கடைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிறார். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல அமைதியாகச் சொன்னார்.

"அண்ணை, நான் அதைக் கிழிச்சுப் போட்டன்," என்றேன். "பிளேனிலை. கூட வந்தவனைப் பிடிச்சிட்டாங்கள். பயத்திலை..." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"படத்தையுமோ?"

"ஓம், அண்ணை."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "இடம்பெயர்வோடை வீட்டிலை இருந்த அல்பம் எல்லாம் போச்சு, தம்பி. அந்த வயசிலை எனக்கு எடுத்த படம் ஒண்டும் இல்லை. தங்கச்சி சாகிறதுக்கு முன்னம் என்ரை இளந்தாரி முகத்தை ஒருக்காப் பாக்கோணும் எண்டு கேட்டபடி. அவளுக்கும் இப்ப உடம்பு ஏலாது." கொஞ்சம் தயங்கினார். "உம்மடை படம் அந்த வயசிலை எடுத்தது ஏதும் கிடக்கோ? கிடந்தால் ஒண்டு அனுப்பும்."

6

என்னிடம் அந்த வயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. விமான நிலையத்தில் அகதி என்று சொல்லி, கேள்விகள் முடிந்தபின், குடிவரவு அலுவலகத்தில் எடுத்தது. கடதாசியோடு சேர்த்து அடித்துத் தந்தார்கள். அதை நிலவறையில் வரிக் கோப்புகளுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தேன். மகள் அதைப் படம்பிடித்து, மடிப்புக் கோட்டையும் முத்திரையையும் அழித்தாள்.

"திஸ் இஸ் லையிங், யூ நோ," என்றாள். "அந்த அன்ரி இது தன்ரை அண்ணா எண்டு நினைக்கப்போறா."

"அனுப்பாமல் விடட்டோ?"

அவள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்த இருபத்துநாலு வயதுக்காரனை அவள் முன்பு கண்டதில்லை. பிறகு அவளே அனுப்பினாள்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் பின்னேரம், மகள் வீட்டில் இருந்தபோது, அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. மேசையில் போனை வைத்து மூன்று பேரும் கேட்டோம்.

"தம்பி, தங்கச்சிக்கு அனுப்பினனான். ஆரின்ரை எண்டு நான் சொல்லேல்லை, அவளும் கேக்கேல்லை. 'இதுதான் என்ரை அண்ணன்' எண்டு பிள்ளையளைக் கூப்பிட்டுக் காட்டி அழுதவளாம். புருவத்தைத் தடவித் தடவிப் பாத்தவளாம். நல்லது, நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். ஆனால் அவள் ஒரு கேள்வி கேக்கிறாள், எனக்கு மறுமொழி தெரியேல்லை. 'ஏன் அண்ணை இந்தப் படத்திலை இவ்வளவு பயந்துபோய் இருக்கிறாய்?' எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். மகள் போனை எடுத்து, பதிவுசெய்யும் பொத்தானை அமத்தி, என் வாயருகே பிடித்தாள்.

"சொல்லுங்கோ, அண்ணை," என்றேன். "'உன்ரை கலியாணத்துக்கு நான் வரமாட்டன் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது' எண்டு சொல்லுங்கோ."